பஃபர் இப்ப யார் கையில இருக்கு?

கெர்னல் டிரைவர், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ள இருந்து ஹார்ட்வேரை ஓட்டுற கோட், எழுதுறவங்கன்னா ரிஜிஸ்டர்ல பிட்டு பிட்டா எழுதிக்கிட்டு இருப்பாங்கன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அதுவும் உண்டுதான், ஆனா ஏஆர்எம் கோரும் (அப்ளிகேஷன் ஓடுற மெயின் சிபியு) டிஎஸ்பியும் (சிக்னல், வீடியோ கணக்குக்குன்னே இருக்குற தனி ப்ராசஸர்) ஒரே சிப்புக்குள்ள இருக்குற போர்டுல கொஞ்ச வருஷம் குப்பை கொட்டுனா தெரியும், பாதி நாள் ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு இருப்போம். இந்த பஃபர், அதாவது டேட்டா வச்சிருக்குற மெமரித் துண்டு, இந்த நிமிஷம் யாருது? அப்ளிகேஷனோடதா, டிஎஸ்பியோடதா?

வீடியோ வேலைல காப்பி பண்ணித் தர்றதுக்கு வழியே இல்ல. 1920க்கு 1080, என்வி12 ஃபார்மட்னா (பிக்சலுக்கு ஒன்றரை பைட்) ஒரு ஃபிரேமே 31,10,400 பைட். செகண்டுக்கு 30 ஃபிரேம்னா 93 எம்பிக்கு மேல, உள்ள போக ஒரு தடவை வெளிய வர ஒரு தடவைன்னு சிபியு இதையே தூக்கிச் சுமந்துக்கிட்டு இருந்தா டிஎஸ்பி எதுக்கு வச்சிருக்கோம்? அதனால ஒரே மெமரியை ரெண்டு பேரும் பாக்கணும்.

அட்ரஸ் பிரச்சனைதான் கஷ்டம்னு புதுசா வர்றவங்க நினைப்பாங்க. அது உண்மைல சுலபம். அப்ளிகேஷன் மேலாக் பண்ணுன மெமரி அதோட கண்ணுக்கு ஒரே நீளமா தெரியும், ஃபிசிக்கல் மெமரில அது 4 கேபி 4 கேபி பேஜா எங்கெங்கயோ சிதறிக் கிடக்கும். டிஎஸ்பி பக்கம் ஐஓஎம்எம்யூ (டிவைஸ் பாக்குற அட்ரஸை ஃபிசிக்கல் அட்ரஸா மாத்துற ஹார்ட்வேர்) இருந்தா அந்தப் பேஜை எல்லாம் வரிசையா மேப் பண்ணி அதுக்கும் ஒரே நீளமா காட்டிடலாம், இல்லன்னா பூட் ஆகும்போதே சிஎம்ஏல (தொடர்ச்சியான மெமரியை ஒதுக்கித் தர்ற கெர்னல் வசதி) ஒரு பெரிய துண்டை ஒதுக்கி வச்சு அதுல இருந்து எடுத்துக்கணும், சிஎம்ஏ 2012லயே லினக்ஸ் 3.5ல வந்தாச்சு. ரெண்டுமே தெரிஞ்ச வழி, டாக்குமென்ட் இருக்கு, மேப்பிங் தப்புன்னா உடனே ஃபால்ட் அடிச்சுக் காட்டிக் கொடுத்துடும். நான் பயப்படுறது சத்தம் போடாம தப்பு பண்ற விஷயத்துக்குத்தான்.

அதாவது கேஷ், மெயின் மெமரில இருக்குறதோட நகலை ப்ராசஸர் பக்கத்துலயே வச்சுக்குற சின்ன வேக மெமரி. ஏஆர்எம்க்கு ஒரு கேஷ், டிஎஸ்பிக்குத் தனியா ஒரு கேஷ், நான் வேலை பாத்த சிப்கள்ல ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஏஆர்எம் எழுதுனது இன்னும் அதோட கேஷ்லயே கிடக்கும், டிஎஸ்பி போய் டிடிஆர்ல, அதாவது மெயின் மெமரில, பழசைப் படிக்கும். குடுக்குறதுக்கு முன்னாடி நாம கேஷைக் கிளீன் பண்ணணும் (உள்ள இருக்குறதை மெமரிக்கு எழுதணும்), டிஎஸ்பி படிக்கிறதுக்கு முன்னாடி தன் கேஷை இன்வாலிடேட் பண்ணணும் (பழைய நகலைத் தூக்கிப் போடணும்), திரும்பி வரும்போது இதே கூத்து தலைகீழா.

எங்களுக்கு முன்னாடி வேற ஒரு டீம் எழுதி வச்ச டிரைவர் ஒண்ணு கைக்கு வந்துச்சு. ஓமேப்3 சிப்புல, அதாவது பீகிள்போர்டு, நோக்கியா என்900 காலத்து கார்டெக்ஸ் ஏ8ல, வருஷக்கணக்கா நல்லா ஓடுன கோட். அதை ஏஎம்5728 சிப்புக்கு மாத்துனோம், அதுல கார்டெக்ஸ் ஏ15. அப்பப்ப படத்துல சின்னச் சின்னக் கோடு மாதிரி பழைய ஃபிரேமோட துண்டு தெரியும், ஒவ்வொண்ணும் சரியா 64 பிக்சல் நீளம். லூமால (வெளிச்ச அளவுல) ஒரு பிக்சலுக்கு ஒரு பைட், ஏ15ஓட கேஷ் லைன், அதாவது கேஷ் ஒரு தடவைல எடுக்குற துண்டு, 64 பைட், இது போதும், நாங்க உடனே கேஷைத்தான் சந்தேகப்பட்டோம். ஆனா டீம்ல இருந்த தம்பி ஒருத்தன் வந்து "அண்ணா, பிரிண்ட் போட்டா சரியா வருதுண்ணா"ன்னான். "அப்ப பிரிண்ட்டோடயே ரிலீஸ் பண்ணிடலாமா?"ன்னு கேட்டேன், அவன் ஒரு செகண்ட் நிஜமாவே யோசிச்சான்.

விஷயம் என்னன்னா, அந்த டிரைவர் பஃபரை டிஎஸ்பிக்குக் குடுக்கும்போது மட்டும் இன்வாலிடேட் பண்ணுச்சு, திரும்ப வாங்கும்போது பண்ணல. ஏ8ல அது எப்படியோ ஓடிருச்சு. ஏ15 அடுத்து என்ன வேணும்னு தானா ஊகிச்சு மெமரியை கேஷுக்குள்ள இழுத்து வச்சுக்கும், டிஎஸ்பி பாதி எழுதிக்கிட்டு இருக்கும்போதே பழைய லைன் சிலது உள்ள வந்துடும். பிரிண்ட் போட்டா டைமிங் மாறும், அந்த லைன் வெளிய தள்ளப்பட்டிருக்கும், படம் சுத்தமாயிடும். கெர்னல் டிஎம்ஏ ஏபிஐல (டிவைஸோட மெமரியைப் பகிர்றதுக்கான ஃபங்ஷன்கள்ல) 'சிங்க் ஃபார் டிவைஸ்', 'சிங்க் ஃபார் சிபியு'ன்னு ரெண்டு தனித்தனியா வச்சிருக்குறது சும்மா இல்ல. திரும்ப வாங்கும்போது ரெண்டாவதைக் கூப்பிட்டதும் சரியாயிடுச்சு.

இன்னொரு வகை இருக்கு, அது இன்னும் மோசம். அப்ளிகேஷன் ஆளுங்க பஃபரை 64 பைட்டுக்கு அலைன் பண்ணிட்டோம் (64ஓட மடங்குல ஆரம்பிக்க வச்சுட்டோம்), கேஷ் லைன் சைஸ் அதானேன்னு சொல்வாங்க. ஏஆர்எம் பக்கம் சரி. டிஎஸ்பியோட எல்2 (ரெண்டாம் நிலை கேஷ்) லைன் 128 பைட், சி64எக்ஸ் பிளஸ் டிஎஸ்பிலயும் அப்படித்தான், சி66எக்ஸ்லயும் அப்படித்தான். பஃபர் முடியுற இடத்துக்கு அடுத்த பைட்ல அப்ளிகேஷனோட ஏதோ ஒரு கவுன்ட்டர் உக்காந்திருக்கும், டிஎஸ்பி தன் லைனை டிடிஆருக்கு எழுதும்போது அந்த கவுன்ட்டரோட பழைய மதிப்பையும் சேத்து எழுதிட்டுப் போயிடும். அப்ளிகேஷன் கோடை மாசக்கணக்கா முறைச்சுப் பாத்தாலும் இது தெரியாது, ஏன்னா அந்தக் கோட்ல தப்பே இல்ல. இதுக்கப்புறம் நான் யூசர் மெமரியை அப்படியே எடுத்துக்குற டிசைனே வேணாம்னு சொல்ல ஆரம்பிச்சேன், பஃபரை கெர்னல் ஒதுக்கட்டும், அப்ளிகேஷன் எம்மேப் பண்ணிக்கட்டும் (தன் அட்ரஸ்ல இணைச்சுக்கட்டும்), ஆரம்பமும் நீளமும் நம்ம கையில இருக்கும்.

ஆனா கேஷைத் துடைக்கிறதும் ஓசி இல்ல. ஒரு ஃபுல் எச்டி ஃபிரேம்னா 48,600 லைன். ஏஎம்5728ல ஏ15ஓட எல்2 மொத்தமே 2 எம்பி, ஒரு ஃபிரேம் முழுசா அதுல அடங்கவே அடங்காது, ஆனாலும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் லைன் லைனாத் துடைச்சுக்கிட்டு இருக்கோம். கேஷே இல்லாம மேப் பண்ணா சிபியு படிக்கிறது நத்தை வேகம். அதனால ரிவ்யூல இப்ப நான் கேக்குற முதல் கேள்வி, சிபியு இந்தப் பிக்சலைத் தொடுதா? கேமரால இருந்து டிஎஸ்பி, அங்கிருந்து டிஸ்ப்ளேன்னு நேராப் போகுதுன்னா ஏஆர்எம் பக்கம் துடைக்கவே வேணாம். நிறைய இடத்துல யாரோ டீபக்குக்குப் போட்ட ஒரு மெம்கம்பேர்தான் (ரெண்டு மெமரியை ஒப்பிடுற ஃபங்ஷன்) இத்தனை செலவுக்கும் காரணமா இருக்கும்.

அடுத்து சாவு. அப்ளிகேஷன் சாவைச் சொல்றேன். யாரோ கில் மைனஸ் 9 (ப்ராசஸை உடனே கொல்ற கமாண்ட்) அடிக்கிறாங்க, கெர்னல் அதோட எஃப்டி (ஃபைல் டிஸ்கிரிப்டர், திறந்து வச்ச ஃபைல் அல்லது டிவைஸோட எண்) எல்லாத்தையும் மூடுது, நம்ம டிரைவரோட ரிலீஸ் ஃபங்ஷன் ஓடுது, பேஜை எல்லாம் விடுவிக்குது. டிஎஸ்பிக்கு யாரும் தகவல் சொல்லல, அது பாட்டுக்கு எழுதிக்கிட்டே இருக்கு. குடியிருந்தவங்க காலி பண்ணிட்டுப் போயாச்சு, உள்ள பெயிண்டர் மட்டும் போகாம அடுத்து வந்த குடித்தனக்காரங்க கட்டில் பீரோ மேல அடிச்சுக்கிட்டு இருக்கான். கடைசில கிராஷ் ஆகுறது சம்பந்தமே இல்லாத ஒரு ப்ராசஸ், லாக்ல வீடியோங்குற வார்த்தையே இருக்காது. ரிலீஸ்ல முதல்ல டிஎஸ்பியை நிறுத்தச் சொல்லணும், அது சரின்னு சொல்ற வரைக்கும் காத்திருக்கணும், பதில் வரலன்னா ரீசெட் பண்ணணும், அதுக்கப்புறம்தான் பேஜை விடணும். டிஎஸ்பியை ரெண்டு அப்ளிகேஷன் பங்கு போட்டுக்கிட்டா ஒண்ணு செத்ததுக்கு இன்னொண்ணோட வேலையும் போகும், இதுல எங்க மீட்டிங்ல சண்டையே நடந்துச்சு. நான் ரீசெட் கட்சி. ஐஓஎம்எம்யூ இருந்தா மேப்பை எடுத்ததும் டிஎஸ்பிக்கு ஃபால்ட் வரும், ரிமோட்பிராக் (டிஎஸ்பி மாதிரி ப்ராசஸரை ஓட்டி நிறுத்துற கெர்னல் பகுதி) அதைத் திரும்ப எழுப்பி விடும், யாரோட மெமரியும் கெடாது. ஐஓஎம்எம்யூ இல்லாத போர்டை வாங்குறவங்க இந்த ஒரு விஷயத்துக்காகவாவது ரெண்டு தடவை யோசிக்கலாம்.

2012ல லினக்ஸ் 3.3ல டிஎம்ஏ பஃப் வந்தது எங்க மாதிரி ஆளுங்களுக்குப் பெரிய ஆறுதல். பஃபர்ங்குறது ஒரு எஃப்டி, அதை சாக்கெட்ல இன்னொரு ப்ராசஸுக்கு அனுப்பலாம், ஒவ்வொரு டிவைஸும் தன் பங்குக்கு ரெஃபரன்ஸ் பிடிச்சு வச்சுக்கும், கடைசி ஆள் விடுற வரைக்கும் மெமரி போகாது. அதுக்கு முன்னாடி ஆளாளுக்கு ஒரு அலோகேட்டர் (மெமரி ஒதுக்குற கோட்). சிலதுல அப்ளிகேஷனே ஃபிசிக்கல் அட்ரஸைக் கையில வச்சிருக்கும், அது எவ்வளவு விபரீதம்னு 2012 கடைசில சாம்சங்கோட எக்சினாஸ் 4 சிப் போன்கள்ல தெரிஞ்சுது, டெவ் எக்சினாஸ் மெம்னு ஒரு டிவைஸ் ஃபைல் எல்லாருக்கும் திறந்து கிடந்து, எந்த ஆப்பும் மொத்த ரேமையும் எழுதலாம்ங்குற நிலை. ஆண்ட்ராய்டோட மெமரி அலோகேட்டரான அயானும் கெர்னல் 5.11ல ஸ்டேஜிங்ல (இன்னும் பக்குவப்படாத கோட் இருக்குற பகுதி) இருந்து போயாச்சு, இப்ப டிஎம்ஏ பஃப் ஹீப்ஸ். ஆனா எம்மேப் பண்ணிப் படிக்கிற அப்ளிகேஷன் சிங்க் ஐஆக்டில் (கேஷைச் சரி பண்ணச் சொல்லி டிரைவருக்குப் போற கால்) கூப்பிடணும்ங்குறதை இப்பவும் பாதிப் பேர் மறக்குறாங்க, அந்த 64 பிக்சல் கோடு திரும்ப வரும்.

எல்லாத்தையும் ஜீரோ காப்பி ஆக்கணும்னு ஒரு வெறியும் இருக்கு. 200 பைட் பாராமீட்டரைக் கூட ஷேர் பண்ணணும்னு ஒருத்தர் பேட்ச் கொண்டு வந்தார். ஆர்பிமெசேஜ்ல (சிபியுவும் டிஎஸ்பியும் மெசேஜ் அனுப்பிக்கிற கெர்னல் வழி) ஒரு மெசேஜுக்கு 512 பைட், ஹெடர் 16 போனாலும் 496 மிச்சம், தாராளமா அடங்கும். மேப் பண்ணி கேஷைத் துடைக்கிற நேரத்துல அதைப் பல தடவை காப்பி பண்ணிடலாம். அதை விட, ஷேர் பண்ண மெமரில இருக்குற பாராமீட்டரை டிரைவர் சரி பாத்து முடிச்ச அடுத்த நொடி அப்ளிகேஷன் மாத்திட முடியும், அகலம் 1920ன்னு செக் பண்ணியிருப்போம், டிஎஸ்பி படிக்கும்போது 19200ன்னு இருக்கும். அதனால பிக்சல் மட்டும் ஷேர்ல போகட்டும், மத்தது காப்பின்னு எழுதி பேட்சைத் திருப்பி அனுப்பிட்டேன்.