எரிந்தால்தான் மருந்தா?

அடிபட்ட முட்டியோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "என்ன தடவினீங்க?" என்பதுதான். அது தெரியாமல் பிசியோதெரபியில் கை வைக்க முடியாது. காரமான தைலம் தேய்த்த தோலில் சூட்டு ஒத்தடம் கொடுத்தால் கொப்புளம் கிளம்பிவிடும்.

பைக்கில் சறுக்கி விழுந்தவர் ஸ்ப்ரே அடித்திருப்பார். கபடி ஆடும் தம்பிகளின் பையில் டைக்ளோஃபினாக் ஜெல் கிடக்கும். கிராமத்து அம்மாக்கள் முட்டை வெள்ளைக்கருவில் மூசாம்பரம் (காய்ந்த கற்றாழைப் பால்) குழைத்துப் பற்றுப் போட்டிருப்பார்கள். கறுத்துக் காய்ந்து தோலைக் கவ்வியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுத்தால்தான் வீக்கம் எவ்வளவு என்றே தெரியும்.

"சுள்ளுனு எரியுது சார், மருந்து உள்ள இறங்குது" என்பார்கள். எரிச்சலும் குளிர்ச்சியும் தோல் நரம்புகளின் வேலை. மென்தால் குளிரை உணரும் நரம்பைத் தூண்டும். மிளகாயில் உள்ள கேப்சைசின் சூட்டை உணரும் நரம்பை. அதில் வலி கொஞ்சம் மறக்கும், அந்த நிம்மதியும் வேண்டியதுதான். ஆனால் புது அடிக்குக் கேப்சைசினை நான் சொல்வதில்லை. பல நாள் விடாமல் தடவினால்தான் அது பலன் தரும்.

வீக்கத்தைக் கிளப்பும் வேதிப்பொருள் உருவாவதையே தடுப்பது டைக்ளோஃபினாக். முட்டி தோலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஜெல் அங்கே எடுபடுகிறது. மாத்திரையோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் சேர்வது ஏறக்குறைய 6 சதவீதம்தான். முதுகைத் தவிர்த்த தசை, மூட்டு அடிகளுக்கு முதலில் இவ்வகை ஜெல்லையே தடவச் சொல்லி 2020இல் அமெரிக்க மருத்துவர் அமைப்புகள் வழிகாட்டுதல் வெளியிட்டன.

சிக்கல் அளவில்தான். பட்டாணி அளவு பிதுக்கி, ஒரு டியூபை மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு, "கேக்கலையே சார்" என்கிறார்கள். முட்டிக்கு ஒரு தடவைக்கு 2 முதல் 4 கிராம், நாளுக்கு மூன்று நான்கு தடவை வேண்டும். அப்படித் தடவினால் 30 கிராம் டியூப் ஐந்து நாளைத் தாண்டாது. போட்டு அழுத்தித் தேய்க்கவும் கூடாது. புது அடியில் முரட்டு மசாஜ் வீக்கத்தைக் கூட்டும். சிராய்ப்பின்மேல் ஜெல், தைலம் எதையும் தடவக் கூடாது.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வேன். பல தைலங்களில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட், ரத்தக்கசிவு அபாயத்தை ஏற்றிவிடும்.

விழும்போது முட்டிக்குள் 'டப்' என்று சத்தம் கேட்டு, ஓரிரு மணி நேரத்திலேயே முட்டி பந்தாக வீங்கினால், காலை ஊன்றும்போது மடங்கி விட்டுப்போனால், நான் ஜெல்லைப் பற்றிப் பேசுவதே இல்லை. எலும்பு மருத்துவரிடம் அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்.