சுசூகா ரேஸும் இசே கோயிலும்: ஒரே ரயிலில் முடித்த பயணம்

ஜப்பானுக்கு எஃப்1 (ஃபார்முலா 1) கார் ரேஸ் பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாகப் போடும் திட்டம் ஒன்று உண்டு. டோக்கியோவில் இறங்குவது, கியோட்டோ கோயில்களைப் பார்ப்பது, நடுவில் ரேஸுக்கு மட்டும் சுசூகாவுக்கு ஓடி வருவது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவதிலேயே பாதி விடுமுறை போய்விடும். 2025 ஏப்ரல் ரேஸுக்குப் போனபோது நாங்கள் அந்த வழியே போகவில்லை. நகோயாவிலிருந்து தெற்கே கோயில் ஊரான இசே வரை நேராக ஓடும் கின்டெட்சு ரயிலை மட்டும் பிடித்துக்கொண்டோம். பார்க்க நினைத்ததில் பெரும்பகுதி அந்தத் தண்டவாளத்தை ஒட்டியே கிடைத்துவிட்டது.

ரேஸ் எனக்காக. என் மனைவிக்கு காரில் ஏசி வேலை செய்தால் போதும். அவருடைய ஆர்வம் துணி, நெசவு, சாயம். கோயம்புத்தூர் வீடு ஒன்றில் இந்த இரண்டும் இருப்பதில் ஆச்சரியமில்லை. நம்மூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணியின் காரில் ஓட்டிய தடம் அது என்பதால் சுசூகா என் பட்டியலில் எப்போதும் முதலிடத்தில் இருந்தது.

முதலில் டிக்கெட். ரேஸுக்கு முந்தைய ஆண்டே விற்பனை தொடங்கிவிடுகிறது. விசா வந்த பிறகு வாங்கலாம் என்று இருந்தால் நல்ல இடம் கிடைக்காது. அதேபோல சுசூகா ஊருக்குள் ஹோட்டல் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இருக்கும் கொஞ்ச அறைகளும் சீக்கிரம் நிரம்பிவிடும். நகோயா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தங்கினால் காலையில் ரயில் ஏறி 40 நிமிடத்தில் ஷிரோகோ ஸ்டேஷன், அங்கிருந்து சர்க்யூட்டுக்கு பஸ்.

விசாவுக்கு நாள்வாரியான பயணத் திட்டம் கேட்பார்கள். எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த ஹோட்டல், அதன் முகவரி, தொலைபேசி எண் எல்லாம் எழுத வேண்டும். எங்கள் தாளில் மூன்று நாட்களுக்கு வரிசையாக ‘சுசூகா சர்க்யூட்’ என்றே இருந்தது, கேள்வி எதுவும் வரவில்லை. ரேஸ் டிக்கெட் நகலையும் சேர்த்து வைத்தேன். வங்கிக் கணக்கு விவரமும் வருமான வரித் தாக்கலும் வழக்கம்போல. மின் விசா கிடைத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விமான நிலையத்தில் அதைப் போனில் நேரடியாக இணையத்தில் திறந்து காட்ட வேண்டும். அச்சிட்ட தாளோ ஸ்கிரீன்ஷாட்டோ செல்லாது. இறங்கியதும் போனில் டேட்டா இருக்க வேண்டும் என்று அர்த்தம்.

அடுத்து ரயில். ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் வாங்கினால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். கின்டெட்சு தனியார் ரயில், அந்த பாஸ் அதில் செல்லாது. ஜேஆர் வழியாகவும் சர்க்யூட்டுக்குப் போகலாம். சுசூகா சர்க்யூட் இனோ என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். ஆனால் நடுவில் வரும் இசே ரயில்வே என்ற வேறு நிறுவனத்தின் பகுதிக்கு பாஸ் வைத்திருந்தாலும் தனிக் கட்டணம் உண்டு. நாங்கள் பாஸே வாங்கவில்லை. கின்டெட்சு விரைவு ரயிலில் பயணக் கட்டணம் தனி, இருக்கைச் சீட்டு தனி. கட்டணத்துக்கு, முன்பணம் ஏற்றிய ஐசி கார்டைத் தட்டலாம். இருக்கையை ஒரு மாதம் முன்பே போட்டுவிட்டால் ரேஸ் நாள் காலையில் நிம்மதி.

திட்டம் போடும்போது எனக்கு மிகவும் உதவியது ஒரு சின்ன விஷயம். ஜப்பானில் திங்கட்கிழமை பெரும்பாலான அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். ரேஸ் முடிவதோ ஞாயிறு. அதனால் அருங்காட்சியகங்கள் எல்லாவற்றையும் ரேஸுக்கு முன்னால் தள்ளிவிட்டு, கோயிலைப் பின்னால் வைத்தேன்.

நகோயாவில் டொயோட்டாவின் தொழில்நுட்ப அருங்காட்சியகம் ஒரு பழைய மில் கட்டடத்தில் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் கார் தெரியாது, தறிதான் தெரியும். டொயோட்டா, தறி செய்த குடும்பம். 1924இல் வந்த அவர்களுடைய ஜி வகைத் தறி, ஓடிக்கொண்டிருக்கும்போதே நாடாவை (ஊடை நூலைக் கொண்டு ஓடும் கட்டை) தானே மாற்றிக்கொள்ளும். அந்தத் தறி நிறுவனத்திலிருந்துதான் 1937இல் கார் நிறுவனம் பிரிந்தது. ஊழியர்கள் ஒவ்வொரு தறியாக ஓட்டிக் காட்டினார்கள். நாடா பறக்கும் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. கார்ப் பகுதிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது; அதில் எனக்குத்தான் நஷ்டம்.

மறுநாள் ஷிரோகோ. ரேஸ் ரசிகர்களுக்கு அது பஸ் மாறும் இடம். பழைய ஜப்பானில் அது கிமோனோவுக்கு அச்சுத்தாள் வெட்டும் ஊர். ‘இசே கதகாமி’ என்று பெயர். கைக்காகிதத்தை அடுக்கடுக்காகக் பெர்சிமன் பழச் சாற்றால் ஒட்டி, உலர்த்தி, புகையூட்டினால் தோல்போலப் பழுப்பு நிறத்தில் ஒரு தாள் வரும். அதில் துளையிட்டுப் பூவும் அலையும் கோடும் எடுக்கிறார்கள். அதைத் துணிமேல் வைத்துப் பசை தேய்த்தால், பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது. அந்தக் காலத்தில் கிஷூ பிரபுக்களின் ஆதரவு இருந்ததால் இந்த ஊர் வியாபாரிகள் நாடு முழுக்கப் போய் விற்றார்கள். பழைய வியாபாரி வீடு ஒன்றையே இப்போது காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

அங்கே ஒரு தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார்கள். கையில் இருந்தபோது வெறும் பழுப்புத் தாள். வெளிச்சம் பட்டதும் ஊசிமுனை அளவுத் துளைகள் ஆயிரக்கணக்கில், வரிசை பிசகாமல். அரைவட்ட முனை கொண்ட உளியைத் தாளில் குத்தி, விரலால் சுழற்றினால் ஒரு துளை. அப்படியே அடுத்தது. “ஏனுங்க, ஒண்ணு தப்பிப் போனா என்ன பண்ணுவாங்க?” என்று மனைவி கேட்டார். சைகையிலும் போன் மொழிபெயர்ப்பிலும் கிடைத்த பதில்: முதலிலிருந்து. பார்க்க அரை நாள் போதும் என்று நினைத்தேன், போதவில்லை.

சரி, ரேஸ். சுசூகா, ஹோண்டா தன் சோதனைத் தடமாக 1962இல் திறந்தது. 5.807 கிலோமீட்டர், எட்டு வடிவம்; டெக்னர் வளைவுகளைத் தாண்டியதும் கார்கள் பாலத்துக்கு அடியில் போகும், திரும்பி வரும்போது அதே பாலத்தின் மேல் 130ஆர் என்ற வளைவை நோக்கிப் பறக்கும். 1989இல் ஓட்டுநர்கள் சென்னாவும் புரோஸ்ட்டும் மோதிக்கொண்ட சிக்கேன் (வேகத்தைக் குறைக்க வைக்கும் இரட்டை வளைவு) இன்றும் அங்கேதான். முதன்முறை போகிறவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவறவிடக் கூடாது. அன்று பல ஸ்டாண்டுகளில் எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம். எஸ் வளைவுகளில் கொஞ்ச நேரம், ஹேர்பின் வளைவில் கொஞ்ச நேரம், ஸ்பூன் வளைவில் கொஞ்ச நேரம் என்று நடந்தோம். எஸ் வளைவுகளில் கார் திசை மாறும் வேகம் டிவியில் தெரிவதே இல்லை. தடம் அங்கே மேடேறுகிறது என்பதும் நேரில்தான் புரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டாம் பயிற்சியில் ஓரத்துக் காய்ந்த புல் தீப்பிடித்துச் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தினார்கள், அதுவும் இருமுறை. சனிக்கிழமையும் அதே கதை. அந்த இடைவேளைகளில் ஜப்பானிய ரசிகர்களைப் பார்ப்பதே தனி நிகழ்ச்சி. எஃப்1 காரின் பின்சிறகை அட்டையில் செய்து தொப்பியாக மாட்டிக்கொண்டு, கயிற்றை இழுத்தால் மடிப்பு திறந்து மூடுகிறது! மனைவிக்கு ரேஸைவிட அந்தத் தொப்பிகள் பிடித்திருந்தன.

ஞாயிறு ரேஸைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் ஆறு பேர் எந்த வரிசையில் கிளம்பினார்களோ அதே வரிசையில் முடித்தார்கள். வெர்ஸ்டாப்பன் வெற்றி, நோரிஸ், பியாஸ்ட்ரி பின்னால். முந்தல் குறைவுதான். ஆனாலும் 53 லேப்பும் நோரிஸ் வாலைப் பிடித்துக்கொண்டே வர, வெர்ஸ்டாப்பன் ஒருமுறைகூட வழுக்காமல் ஓட்டியதை நேரில் பார்த்தவனுக்குக் குறை சொல்ல மனம் வராது.

முடிந்ததும் பஸ் வரிசை. இது மட்டும் பெரும் சோதனை. நகர்வது தெரியாத அளவுக்கு நீளம். நடக்க முடிந்தவர்கள் ஷிரோகோவுக்கு நடந்தே போய்விடுகிறார்கள்; நாங்களும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு நடந்தோம். ஸ்டேஷனில்தான் எங்கள் திட்டம் பலன் தந்தது. கூட்டம் முழுக்க நகோயா நடைமேடையில். நாங்கள் எதிர்ப்பக்கம் ஏறி இசேக்குப் போனோம், உட்கார இடம் தாராளமாக இருந்தது. இசேயில் அன்றிரவு ஹோட்டல் முன்பதிவு செய்திருந்தோம். பெரிய பெட்டியை நகோயா லாக்கரில் விட்டுத் தோள்பையோடு வந்தது வசதி.

இசேயில் முதலில் வெளிக்கோயிலான கெகூ, பிறகு உட்கோயிலான நைகூ என்பது முறை. நைகூவில் சூரிய தேவி அமதெராசு. விடியற்காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறது. சுற்றுலா பஸ்கள் வருவதற்குள் உஜி பாலத்தைத் தாண்டிவிட வேண்டும். கோயிலை 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013இல், அடுத்தது 2033இல். நம் குடமுழுக்கில் பழையதைப் புதுப்பிப்போம். இங்கே கட்டடமே மாறுகிறது, வடிவம் மாறுவதில்லை. அடுத்த கோயிலுக்கான மனை கூழாங்கல் பரப்பி வெறுமனே கிடக்கிறது. கருவறைக்குள் போக முடியாது. படிக்கு மேல் போட்டோ எடுக்கவும் கூடாது. வேலிக்கு வெளியே வெள்ளைத் திரைக்கு முன்னால் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, ஒருமுறை குனிந்து வரவேண்டியதுதான். ‘இவ்வளவுதானா’ என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வெளியே கடைத்தெருவில் 1707 முதல் நடக்கும் அகாஃபுகு கடையில் மோச்சி என்ற இடித்த அரிசிப் பலகாரம். மேலே பூசிய இனிப்புப் பயறு, பக்கத்தில் ஓடும் இசுசு ஆற்றின் அலைபோல விரல் தடத்தோடு இருக்கும். சைவம்தான். இசே உதோன் என்ற நூடுல்ஸ் அப்படியல்ல, அதன் குழம்பில் மீன் சாறு, சைவக்காரர்கள் விசாரித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் குவானாவில் இறங்கினோம். பழைய கோயிலின் பெருந்தூண்கள் முதலில் உஜி பாலத்தின் இரு முனைகளில் வாயில்களாக நிற்கும். 20 ஆண்டு கழித்து அந்த மரம் குவானா படகுத்துறைக்கும், பழைய தொகாய்தோ சாலையில் இருக்கும் செகிக்கும் வாயில்களாகப் போகும். செகிக்கு எங்களுக்கு நேரமில்லை. கின்டெட்சுவும் அங்கே போகாது, ஜேஆர்தான். ரேஸுக்கு முன்னால் ஒரு நாள் கூடுதலாக இருந்தால் அதை அங்கே செலவிடலாம்.