முதல்ல எவ்வளவு வரும் எண்டு சொல்லு

பாடசாலை உங்கள் தொழிலுக்கு என்ன தந்தது என்று எழுதுங்கள் என மலர்க்குழு கேட்டிருந்தது. பரிசளிப்பு விழா, விளையாட்டுப் போட்டி பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு நினைவில் நிற்பது ஒரேயொரு கேள்வி.

உயர்தர வகுப்பில் பிரயோக கணிதம் படிப்பித்த சேர், கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டு யாரையாவது எழுப்புவார். "செய்யாதை. முதல்ல விடை எவ்வளவு வரும் எண்டு சொல்லு." பேனையை மூடி வைத்துவிட்டு ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும். பிழையாகச் சொன்னால் ஏசமாட்டார். சொல்லாவிட்டால்தான் பாடம் முடியும்வரை நிற்க வேண்டும். நான் நின்ற நாட்கள் கொஞ்சமல்ல. இந்த மனுசன் ஏன் இப்படி வதைக்கிறார் என்று அப்போது விளங்கவேயில்லை.

இப்போது ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சிரேஷ்ட கட்டமைப்புப் பொறியியலாளராக இருக்கிறேன். பதவிப் பெயர்தான் நீளம். வேலை பெரும்பாலும் மற்றவர்கள் செய்த கணக்கைச் சரிபார்ப்பது. மிச்ச நேரத்தில் கட்டடக் கலைஞரோடு பேரம். அவருக்குத் தூணே இருக்கக்கூடாது, எனக்கு இன்னும் இரண்டு வேண்டும்.

ஒருமுறை, பத்துத் தளக் கட்டடமொன்றின் கணக்கை ஓர் இளம் பொறியியலாளர் கொண்டுவந்தார். கணினியில் அழகாகச் செய்திருந்தார். நிறம் நிறமாகப் படங்கள், கட்டுக் கட்டாகத் தாள்கள். நடுத்தூண் ஒன்றின் அடியில் வரும் சுமை 240 தொன் என்றிருந்தது. நான் ஒரு துண்டுத்தாளை எடுத்தேன். தூண்களுக்கு இடையே இரு பக்கமும் 8 மீற்றர், ஆகவே ஒரு தூண் தாங்குவது 64 சதுர மீற்றர். சாதாரணக் கொங்கிறீட் கட்டடத்தில் தளத்தின் எடை, மேற்பூச்சு, ஆட்கள், தளபாடம் எல்லாம் சேர்த்துச் சதுர மீற்றருக்குச் சுமார் ஒரு தொன் என்று வைக்கலாம். தளத்துக்கு 64, பத்துக்கும் 640. மீதி 400 தொன் எங்கே?

தேட வெகுநேரம் பிடிக்கவில்லை. 250 மில்லிமீற்றர் தடிப்புள்ள சிலாப், சதுர மீற்றருக்கு 625 கிலோ. அந்தச் சொந்த எடையைச் சேர்க்கும்படி மென்பொருளுக்குச் சொல்ல மறந்திருந்தார். ஒரேயொரு கட்டளை. கட்டடம் தன்னைத் தானே தாங்க வேண்டும் என்பதை அந்த நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகம் வெளிறிவிட்டது. நான் ஏசவில்லை; சேரும் ஏசியிருக்கமாட்டார்.

பெரிய கணக்கில் வரும் பிழையை இப்படிப் பிடித்துவிடலாம். எனக்குப் பயம், வரைபடமெல்லாம் முடிந்த பிறகு வரும் "சின்ன மாற்றம்". 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் சிற்றியில் ஹயட் ரீஜென்சி ஹோட்டலின் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். கூரையிலிருந்து ஒரே கம்பி இறங்கி, நான்காம் மாடிப் பாதையையும் அதற்குக் கீழே இரண்டாம் மாடிப் பாதையையும் தாங்குவதாகத்தான் முதலில் வரைந்திருந்தார்கள். செய்வதற்குச் சுலபம் என்று அதை இரண்டு கம்பிகளாக்கினார்கள்: கீழ்ப்பாதை மேற்பாதையிலேயே தொங்கியது.

கயிற்றில் தொங்கி விளையாடியவர்களுக்கு இது உடனே விளங்கும். இரண்டு பேரும் கயிற்றையே பிடித்தால் அவரவர் பாரம் அவரவருக்கு. கீழே இருப்பவன் மேலே இருப்பவனின் காலைப் பிடித்தால்? மேலே இருப்பவனின் கைக்கு இரண்டு மடங்கு. நான்காம் மாடிப் பாதையின் இணைப்புக்கு நடந்தது அதுதான். முதல் வரைபடத்தில் இருந்த இணைப்பே போதாது என்பது விசாரணையில் தெரிந்தது. மாற்றம் அதை இன்னும் மோசமாக்கியது. மாற்றிய பிறகு யாரும் அந்த இணைப்புக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. துண்டுத்தாளில் ஐந்து நிமிட வேலை.

அதனால் வெள்ளிக்கிழமை பின்னேரம், எல்லோரும் புறப்படும் நேரத்தில் வேலைத்தளத்திலிருந்து ஒரு "சின்ன மாற்றம்" வந்தால், கதிரையை விட்டு எழும்பமாட்டேன். வீட்டில் இதற்கு வாங்கிய பேச்சு தனிக்கதை.

சரி, அந்த இளையவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். இப்போது கணினியைத் தொடுமுன் அவரே துண்டுத்தாளோடு வருகிறார். போன மாதம் ஒரு பீமுக்கு நான் 90 தொன் என்றேன், அவர் 60 என்றார். கணினி 62 என்றது. லிப்டுக்காக விட்ட துவாரம் அந்தத் தளத்தில் இருப்பதை மறந்தது நான்தான்.