மவுண்ட்ஃபோர்ட்டின் கல்லும் மரமும்

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகருக்கு நான் சென்றது பெஞ்சமின் மவுண்ட்ஃபோர்ட் எழுப்பிய கட்டடங்களைப் பார்ப்பதற்காகத்தான். 1825-இல் பர்மிங்ஹாமில் பிறந்து லண்டனில் கட்டடக்கலை பயின்ற அவர், 1850 டிசம்பரில் 'சார்லட் ஜேன்' கப்பலில் கிறைஸ்ட்சர்ச்சுக்கு அருகிலுள்ள லிட்டல்டன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார். இங்கிலாந்தின் இடைக்காலத் தேவாலயங்களை மீட்டெடுக்க முயன்ற கோதிக் மறுமலர்ச்சிப் பாணியே அவர் கொண்டுவந்த மூலதனம்.

அந்த மூலதனம் முதலில் கைகொடுக்கவில்லை. லிட்டல்டனில் 1852-இல் அவர் கட்டிய தேவாலயத்தின் சட்டங்கள் ஈரம் காயாத மரத்தாலானவை. மரம் காயக் காயச் சுருங்கியது, கட்டடம் ஆட்டம் கண்டது, 1857-இல் அதை இடித்துவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் அவர் எழுதுபொருள் கடை நடத்தியும் ஓவியம் கற்றுக்கொடுத்தும் பிழைத்திருக்கிறார். துறைமுகத்துக்கு மேலே ஏறும் செங்குத்தான தெருக்களில் நடந்தபோது, அத்தோல்வியோடு அவர் ஊரைவிட்டுப் போயிருந்தால் கிறைஸ்ட்சர்ச்சின் முகமே வேறாகியிருக்கும் என்று தோன்றியது.

ஏவன் ஆற்றங்கரையிலுள்ள கேன்டர்பரி மாகாண சபைக் கட்டடம்தான் அவரை மீட்டது. மரத்தில் தொடங்கிய அவ்வளாகம், 1865-இல் கல் மண்டபத்தோடு நிறைவெய்தியது. 2011 பிப்ரவரி 22 அன்று, 185 உயிர்களைப் பறித்த நிலநடுக்கத்தில் அந்தக் கல் மண்டபம் சரிந்துவிட்டது. மரத்தாலான பகுதிகளோ சேதமடைந்தும் நிற்கின்றன. வேலிக்கு வெளியிலிருந்து பார்க்கத்தான் முடிந்தது. பழைய படங்களில் கண்டிருந்த வண்ணக் கூரையை மனத்துக்குள் மீண்டும் பொருத்திப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

கிறைஸ்ட்சர்ச் பேராலயத்தின் மூலவடிவம் ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட்டுடையது; 1873 முதல் பணியை மேற்பார்த்தவர் மவுண்ட்ஃபோர்ட். நிலநடுக்கம் 1901-இல் கோபுர முனையைச் சிதைத்தபின், செப்புத் தகடு போர்த்திய மரமுனையை வைத்தார்கள். 2011-இல் அந்த முனையோடு கோபுரத்தின் மேற்பகுதியும் விழுந்தது.

பழைய கேன்டர்பரி கல்லூரிக்குள் நுழைந்தபோது மனம் சற்று ஆறியது. கருநிற எரிமலைக்கல் சுவர்களுக்கு வெண்மையான ஓமாரு சுண்ணாம்புக்கல் விளிம்பு கட்டி, சாளரங்களின் கூர்வளைவுகளைத் தெளிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். 1882-இல் முடிந்த பெருமண்டபம் நிலநடுக்கத்துக்குப்பின் வலுவூட்டப்பட்டு, 2016-இல் மீண்டும் திறக்கப்பட்டது. உயர்ந்த மரக் கூரைக்குக் கீழே, உயர்ந்த சாளரங்களின் வழியாக மாலை வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய கட்டடங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இந்த வளாகத்தில்தான் அணு இயற்பியலாளர் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டு மாணவராக இருந்தார்.

பயணத்தின் கடைசி நாளில் ஆக்லாந்தின் பார்னெல் பகுதியிலுள்ள தூய மரியாள் தேவாலயத்துக்குச் சென்றேன். முழுவதும் மரம். கல்லில் செதுக்க வேண்டிய தூண்களையும் வளைவுகளையும் நியூசிலாந்தின் கவுரி (kauri) மரத்தில், மரத்தின் இயல்பை மறைக்காமல் செய்திருக்கிறார். முதல் தேவாலயத்தில் மரம் அவரைக் கைவிட்டது. இங்கே அதே மரத்தை அவர் முற்றும் அறிந்திருந்தார். 1886-இல் தொடங்கிய வேலை 1898-இல் முடிந்தது. அதே ஆண்டில் அவர் காலமானார். 1982-இல் இந்தத் தேவாலயத்தை முழுதாகவே பெயர்த்துச் சாலையின் எதிர்ப்புறத்துக்கு நகர்த்தினார்கள். உள்ளே ஒரு தூணில் கைவைத்துப் பார்த்தேன். பலகைகளின் இணைப்புகள் இன்னும் இறுக்கமாகவே இருந்தன.