ஆத்துக்கு ஏதும்மா கண்ணு?

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படித்த முதல் வருஷம், உவமை, உருவகம் என்று பாட்டின் அழகுகளை வகைபிரிக்கும் அணி இலக்கணத்தை நெட்டுருப் போட்டேன். பாபநாசத்திலிருந்து கும்பகோணம் போகும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து வரையறைகளை முணுமுணுத்தபடியே போவேன். வரையறை கேட்டால் ஒப்பிப்பேன். ஒரு வரியைக் கொடுத்து இது என்ன அணி என்றால் முழிப்பேன். 200 கேள்வியில் 100 தமிழ், கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். அங்கே முழித்தால் கட்டுப்படியாகாது.

மாதிரித் தேர்வு ஒன்றில், சிலப்பதிகாரக் கானல்வரியில் காவிரி ஆற்றைப் பாடும் வரி வந்தது: "கருங்கயற்கண் விழித்தொல்கி நடந்தாய் வாழி காவேரி." கயற்கண் என்றால் கயல் மீன் போன்ற கண்தானே என்று உவமை போட்டேன். தப்பு. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். விடைத்தாளோடு போய் நின்றேன். ஐயா திண்ணையில் இருந்தபடியே கேட்டார்: "ஆத்துக்கு ஏதும்மா கண்ணு?"

அவ்வளவுதான் விஷயம். ஒரு பெண்ணைப் பாடினால், பேசப்படும் பொருள் கண். மீன் ஒப்புக்கு வருவது. அப்போது கயற்கண் உவமைத்தொகை, அதாவது 'போன்ற' மறைந்து நிற்கும் உவமை. ஆற்றைப் பாடும்போது நிஜத்தில் இருப்பது மீன்தான். கண், புலவர் ஏற்றிச் சொன்னது. கயலாகிய கண், எனவே உருவகம். சொல் ஒன்றுதான், ஆள் மாறியதும் அணியும் மாறிவிட்டது. மதிமுகம், முகமதி என்று எல்லோரும் சொல்லித் தரும் குறுக்குவழியும் இதுவே: ஒப்புக்கு வந்தது முன்னால் நின்றால் உவமை, பொருள் முன்னால் நின்றால் உருவகம். ஆனால் எது பொருள் என்று தெரியாமல் அந்தக் குறுக்குவழியும் உதவாது.

அன்றிலிருந்து நோட்டில் வரையறை எழுதுவதை விட்டேன். வரியை எழுதி, நிஜமாக இருக்கும் பொருளுக்குக் கீழே மட்டும் கோடு போடுவேன்.

கோடு போட இடமே கிடைக்காத வரிகளும் உண்டு. அதை விளங்கவைத்தது அம்மாவின் வாய். தோப்புக்குக் காவல் இருந்தவரே தேங்காய் வெட்டிக்கொண்டு போன சமயம். "வேலி பயிரை மேய்ஞ்ச மாதிரி காவல்காரரே எடுத்துட்டாரு" என்றால் உவமை. மாதிரி என்பது உருபு, ஒப்பைக் காட்டும் சொல். "காவல்காரரே எடுத்துட்டாரு. வேலியே பயிரை மேயுது" என்று இரண்டையும் சொல்லி, உருபை விட்டுவிட்டால் எடுத்துக்காட்டு உவமை. அம்மா சொன்னதோ "வேலியே பயிரை மேயுதுடி" மட்டும். காவல்காரர் பேச்சே இல்லை, கேட்ட நமக்குப் புரிந்துவிட்டது. அது பிறிது மொழிதல். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டி அச்சு முறியும் என்கிறது "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" குறள். எளிய பகைவரும் பலர் சேர்ந்தால் வலியவனை வீழ்த்துவர் என்பதுதான் கருத்து, ஆனால் பகைவர், படை என்று ஒரு சொல்கூட அதில் இல்லாததை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். மயிலிறகும் வண்டியும் அச்சும்தான் இருக்கின்றன.

தற்குறிப்பேற்றத்துக்கு வயல் போதும். முற்றிய கதிர் கனத்தால் தலைசாயும், அது இயல்பு. தண்ணீர் தந்த காவிரியைக் கும்பிடத்தான் குனிகிறது என்று நான் சொன்னால், என் குறிப்பை அதன்மேல் ஏற்றுகிறேன். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்கொடிகள் "வாரல்" (வராதீர்கள்) என்று கைகாட்டி மறித்தன என்கிறாரே இளங்கோ, அதுவும் அப்படியே. காற்றில் ஆடும் கொடிதான். கதை முடிவு தெரிந்தவருக்கு அந்த இடம் நெஞ்சைப் பிடிக்கும். தேர்வுக்குப் படிக்கிறோம் என்பதையே மறந்து நான் இரண்டு நாள் அங்கேயே நின்றுவிட்டேன். நீங்கள் நிற்காதீர்கள், நேரம் போய்விடும்.

மற்றவை சுலபம். நிரல்நிறையில் "அன்பும் அறனும்", "பண்பும் பயனும்" என்று வரிசை பார்த்து, அன்புக்குப் பண்பு, அறனுக்குப் பயன் என்று சேர்த்தால் போதும். வேற்றுமை அணியில் தீப்புண்ணும் நாவின் வடுவும் முதலில் சுடுவதில் ஒன்றாகும். பிறகு ஒன்று ஆறும், ஒன்று ஆறாது. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம், பொருளால் வரும் பொருளணி மட்டுமே 35 சொல்கிறது. அத்தனையையும் தூக்கிச் சுமக்க வேண்டாம், பள்ளிப் பாடநூல்களில் குறளோடு வருபவற்றை முதலில் முடியுங்கள்.

எனக்குக் கடைசிவரை தகராறு பண்ணியது ஏகதேச உருவகம், அதாவது ஒன்றை உருவகமாக்கி, அதோடு சேர்ந்த மற்றதை விட்டுவிடுவது. "கருமமே கட்டளைக் கல்" என்று, பெருமையைக் காட்டும் செயலைப் பொன் உரைத்துப் பார்க்கும் உரைகல் ஆக்கிய வள்ளுவர், பெருமையைப் பொன் என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்தப் பொன்னுக்காக நோட்டில் ஒரு வெற்றுக்கோடு போட்டு வைத்தேன். அதற்கப்புறம் அது தப்பவில்லை.