முத்திரை இல்லாத துண்டு

பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு நடப்பது பெற்றோருக்குத் தெரிந்ததே. தரம் 4இல் படிக்கும் என் மகளுக்குச் சொத்தையாகியிருந்த பல்லைப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்திலேயே அடைத்துவிட்டார்கள். ஆறு வயதளவில் முளைக்கும் கடைவாய்ப்பல் விழுந்து முளைப்பதல்ல. பால்பல்தானே என்று யாரும் விட்டுவிட வேண்டாம்.

அலைக்கழித்தவை கண்ணும் காதும்தான். ஆறு மீற்றர் தூரத்தில் தொங்கவிட்ட அட்டையின் கீழ்வரிகளை அவளால் வாசிக்க முடியாததால், ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் காட்டும்படி துண்டு எழுதித் தந்தார்கள். அன்றைய பேரை (தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பதிவாகும் சம்பளத்தை) விட்டுவிட்டு, விடியற்காலை பஸ்ஸில் அட்டன் வழியாகப் போய், வரிசையில் நின்று எங்கள் முறை வந்தபோது, கவுண்டரில் இருந்தவர் துண்டைப் புரட்டிப் பார்த்து, வைத்தியரின் கையொப்பத்தின் கீழ் முத்திரை இல்லை என்று சிங்களத்தில் சொல்லி, ஜன்னல் வழியே வெளியே தள்ளினார். பிள்ளையின் பெயரும் பார்வை அளவும் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தன. நாட்சம்பளக்காரருக்கு ஒரு பேர் போவது என்னவென்று அந்த ஜன்னலுக்கு உள்ளே இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

பாடசாலைப் பரிசோதனையை நடத்தும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குத் துண்டைக் கொண்டுபோனேன். அங்கே, "இதற்காகவா அம்மா திருப்பி அனுப்பினார்கள்?" என்று கேட்டுக்கொண்டே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயா முத்திரைக்கு ஏற்பாடு செய்து தந்தார். மறுமுறையும் கவுண்டரில் அதே மனிதர்தான். முத்திரையின் மேல் விரலை வைத்துத் துண்டை நீட்டினேன். ஒன்றும் பேசாமல் இலக்கம் எழுதினார். துண்டு கைக்கு வந்தவுடனேயே கையொப்பம், முத்திரை, திகதி மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்மணியை விரிக்கும் துளிமருந்து விட்டுத்தான் சோதிக்கிறார்கள். அதன்பின் வெயிலில் கண் கூசும், கிட்ட இருக்கும் எழுத்து மங்கும். மகளால் மறுநாளும் வீட்டுப்பாடம் செய்ய முடியவில்லை. தவணைப் பரீட்சைக்கு முந்தைய நாள் போகாதீர்கள், குடையொன்று கொண்டு போங்கள்.

மகளின் காதில் குறும்பி (காதழுக்கு) இறுகி அடைத்திருந்தது. அதை உடனே எடுக்காமல், இளகுவதற்குத் துளிமருந்து தந்து பிறகு வரச் சொன்னார்கள். ஆகவே காதுக்கும் துண்டு இருந்தால், கண்ணுக்குப் போகும் நாளிலேயே அதையும் காட்டி மருந்தை வாங்கிவிடுங்கள். ஒரு பேராவது மிஞ்சும்.

கண்ணாடியை வெளிக்கடையில்தான் வாங்கினோம். கடையில் கொடுக்குமுன், கண்ணாடி அளவு எழுதித் தரும் சிட்டையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் சிட்டையைக் கடைக்காரர் தம்மிடமே வைத்துக்கொண்டார். அடுத்த கிளினிக்குக்கு அதைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.