ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதற்கு முன்னால்

இருபது வயதைத் தாண்டிய என் காரில், டாஷ்போர்டில் இருக்கும் பேட்டரி விளக்கு முழுசாக எரியவும் இல்லை, முழுசாக அணையவும் இல்லை. பகலில் ஒன்றும் தெரியாது. இரவில் ஹெட்லைட் போட்டால் மங்கலாக ஒரு சிவப்பு. ப்ளோயரையும் போட்டால் அது இன்னும் கொஞ்சம் கூடும். இரண்டையும் நிறுத்தினால் மறைந்துவிடும். காலையில் செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் முக்கி முனகித்தான் கிளம்பியது.

கேட்ட இடத்திலெல்லாம் இரண்டே பதில். பேட்டரியை மாற்று, இல்லையென்றால் எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டரை மாற்று. பழைய கார் என்றாலே இந்தப் பதில் தயாராக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுமைக்கு ஏற்றபடி விளக்கு கூடிக் குறைகிறது என்றால் அது நமக்கு ஏதோ சொல்கிறது. அது என்னவென்று தெரிந்த பிறகுதான் ஸ்பேனரை எடுப்பது என்று முடிவு செய்தேன்.

என் கார் வந்த காலத்து வண்டிகளில் அந்த விளக்குக்கு இரண்டு முனை. ஒரு முனைக்கு இக்னிஷன் சுவிட்ச் வழியாக பேட்டரியின் வோல்டேஜ் வருகிறது. மறுமுனை ஆல்டர்னேட்டரின் 'டி ப்ளஸ்' முனையில் இருக்கிறது. எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் திருப்பினால் விளக்கு வழியாகக் கரண்ட் போய், ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ், ரோட்டர் எனும் சுழலும் பாகத்தின் சுருள் என்று கடந்து எர்த்தில் சேர்கிறது. விளக்கு எரிகிறது. ரோட்டருக்கு முதல் காந்தத்தைக் கொடுப்பதும் அந்தச் சின்னக் கரண்ட்தான். அதனால்தான் பல்பு ஃபியூஸ் போனால் சில வண்டிகளில் சார்ஜிங்கே சரியாகத் தொடங்காது. ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்ய ஆரம்பித்ததும் இரண்டு முனையிலும் வோல்டேஜ் சமமாகி விளக்கு அணைந்துவிடும்.

அப்படியானால் மங்கலாக எரிவதற்கு அர்த்தம், இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு வோல்ட்டோ கொஞ்சம் கூடவோ வித்தியாசம் இருக்கிறது என்பதே. ஆல்டர்னேட்டருக்கு உள்ளே ஏசி கரண்டை டிசியாக மாற்றும் டயோடு கெட்டிருக்கலாம். அல்லது ஆல்டர்னேட்டர் ஒழுங்காகக் கொடுப்பது பேட்டரிக்கு முழுசாகப் போய்ச் சேராமல் இருக்கலாம். இந்த இரண்டாவது சாத்தியத்தை யாருமே சொல்லவில்லை.

எதை அளப்பதற்கும் முன்னால் பேட்டரியை வெளியே எடுத்து சார்ஜரில் முழுதாக ஏற்றினேன். அரைகுறை சார்ஜில் இருக்கும் பேட்டரியை வைத்துக்கொண்டு பார்க்கும் எந்த அளவையும் நம்ப முடியாது. சில மணி நேரம் ஓய்வில் வைத்த பிறகு 12.6 வோல்ட் காட்டியது. நல்ல நிலைதான். ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டில் வெடிப்போ பளபளப்போ இல்லை, இழுவையும் சரி. பேட்டரி டெர்மினல்களைச் சுரண்டித் துடைத்து முடுக்கினேன்.

அப்புறம் மல்டிமீட்டர். ஐடிலிங்கில், சுமை எதுவும் இல்லாமல், பேட்டரியின் மேல் 14.0 வோல்ட். பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு 'சார்ஜிங் ஓகே' என்று சொல்லிவிடுகிறார்கள். சுமை இல்லாமல் எடுக்கும் அளவு பாதிக் கதைதான். ஹெட்லைட், ப்ளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு, எஞ்சினை 2000 ஆர்.பி.எம்.மில் பிடிக்கச் சொல்லிப் பார்த்தால் பேட்டரியில் 13.0. மீட்டரின் முனைகளை ஆல்டர்னேட்டருக்கே கொண்டுபோனேன். பின்பக்கத்துத் தடித்த போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவில் 14.4!

கொடுக்கிற இடத்தில் 14.4, வாங்குகிற இடத்தில் 13.0. நடுவழியில் 1.4 வோல்ட் காணாமல் போகிறது. டயோடு மேல் இருந்த சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள மீட்டரை ஏசியில் வைத்துப் பேட்டரியில் பார்த்தேன். 0.05 வோல்ட்டுக்குள்தான் இருந்தது. டயோடு போயிருந்தால் இது அரை வோல்ட்டை எட்டியிருக்கும். ஆக, எல்லாரும் மாற்றச் சொன்ன ஆல்டர்னேட்டரில் ஒரு குறையும் இல்லை.

இனி, காணாமல் போவது எந்தப் பக்கம்? அதே சுமையில், ஆல்டர்னேட்டரின் உடம்பிலிருந்து பேட்டரி மைனஸ் வரை 0.1 வோல்ட். எர்த் நன்றாக இருக்கிறது. ஆல்டர்னேட்டர் போல்ட்டிலிருந்து பேட்டரி ப்ளஸ் வரை 1.3. இங்கே 0.3-க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். ஒரு முனையை போல்ட்டிலேயே வைத்துக்கொண்டு மறுமுனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்தினேன். ஆல்டர்னேட்டர் பக்கத்து லக் (கேபிள் நுனியில் போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) வரை ஒன்றும் இழப்பில்லை. கேபிளின் மறுகோடியில், ஃபியூஸிபிள் லிங்க் (கரண்ட் எல்லை மீறினால் உருகி அறுந்துவிடும் பெரிய ஃபியூஸ்) பெட்டியில் இருக்கும் லக்கில் வைத்ததும் 1.1 ஏறியது. மீதி 0.2 லிங்க்கிலும் அதற்கு அப்பாலும்.

வயரைச் சுற்றிக் கவ்வி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் அந்தக் கேபிளில் சுமார் 30 ஆம்பியர் காட்டியது. 1.1 வோல்ட்டை அதால் பெருக்கினால் 33 வாட். அவ்வளவும் அந்தக் கேபிளிலேயே சூடாகக் கழிகிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு உடனே தொட்டுப் பார்த்தேன். பெட்டிப் பக்கத்து லக்கின் கழுத்து மட்டும் நல்ல சூடு. கேபிளைக் கழற்றி, இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று மீட்டரில் கன்டினியூட்டி பார்த்திருந்தால் பீப் என்று அடித்து 'நல்ல கேபிள்' என்று ஏமாற்றியிருக்கும். ஏனென்றால் தடை வெறும் 0.04 ஓம்தான். சாதாரண மீட்டருக்கு அது பூஜ்யம். கரண்ட் ஓடும்போது பார்த்தால்தான் மாட்டும்.

ஆல்டர்னேட்டர் போல்ட்டில் எஞ்சின் நின்றிருந்தாலும் பேட்டரியின் கரண்ட் எப்போதும் இருக்கும். அதனால் பேட்டரி மைனஸைக் கழற்றி வைத்த பிறகுதான் ஸ்பேனர் போட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைப் பிடுங்கி 'டெஸ்ட்' செய்யும் பழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ், டயோடுகளையும், வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரையும் காவு வாங்கிவிடும்.

லக்கின் மேலிருந்த கறுப்பு உறையைக் கீறிப் பிரித்தேன். வெளியே பார்க்கப் புதிது மாதிரி இருந்த இடத்துக்குள் செம்பு பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. இழைகளில் பாதிக்கு மேல் அறுந்து, விரலால் தட்டியதும் பொடியாக உதிர்ந்தன. மீதி இழைகள்தான் இவ்வளவு நாளும் மொத்தச் சுமையையும் தாங்கியிருக்கின்றன.

லக்கை மட்டும் மாற்றலாமா என்று கேபிளைக் கொஞ்சம் வெட்டிப் பார்த்தேன். ரப்பருக்கு உள்ளேயும் செம்பு கறுத்திருந்தது. அதனால் முழுக் கேபிளையும் மாற்றினேன். பழையதைவிட ஒரு அளவு தடிமன் கூட, புது லக்குகள், லக்கை நசுக்கி இறுக்கும் முறையான கிரிம்ப், மேலே சூடாக்கினால் சுருங்கி, பசை உருகி ஒட்டும் வகை ஹீட் ஷ்ரிங்க் உறை. ஈயம் வைத்துப் பற்றவைக்கவில்லை. ஈயம் இழைகளுக்குள் ஏறினால் அந்த இடம் விறைத்துப்போய், எஞ்சின் அதிர்வில் அதன் விளிம்பிலேயே ஒடியும். சைலன்சர் பக்கம் சாயாமல் இருக்க இரண்டு இடத்தில் கிளிப்பும் போட்டேன்.

அதே சுமை, அதே 2000 ஆர்.பி.எம். ப்ளஸ் பக்க இழப்பு 0.2. பேட்டரியில் 14.1. விளக்கு முழுதாக அணைந்திருந்தது. நாள்கணக்கில் அரை வயிற்றோடு ஓடிய பேட்டரி தேறுமா என்பதுதான் மிச்சமிருந்த கவலை. மறுபடி முழுதாக ஏற்றி, ஒரு ராத்திரி விட்டு, செல்ஃப் அடிக்கும்போதே மீட்டரைப் பார்த்தேன். 10.4-க்குக் கீழே இறங்கவில்லை. 9.6-க்குக் கீழே போனால்தான் சந்தேகப்பட வேண்டும். அதே பேட்டரியையே வைத்துக்கொண்டேன்.